கையில் சுத்தியல், தலையில் ஆயர் தொப்பி: எலிஜியுஸைப் படத்தில் கண்டுபிடிப்பது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால் ரவிவர்மா லட்சுமி நாலைந்து, எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, பழைய கதவு, மரப்பாச்சி எல்லாம் கும்பலாகக் கிடக்கும், அதற்கு நடுவே எப்போதாவது ஒரு ஐரோப்பியப் புனிதர் படமும் தலை காட்டும். யார் வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. இரண்டு வருடம் முன்பு எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. ஆயர் (பிஷப்) உடையில் ஒரு பெரியவர், வலது கையில் சுத்தியல், இடது கையில் வெட்டி எடுத்த மாதிரி ஒரு குதிரைக்கால். கடைக்காரர் நல்ல மனுஷன், ஒன்றும் தெரியாமல் சொல்லவில்லை: "நம்ம ஐயனார் கோயில் புரவி மாதிரி அவங்க ஊர்லயும் ஏதோ இருக்கும்ணே, கால் உடைஞ்சுபோனதைக் கையில வச்சிருக்காரு." புரவி எடுப்பில் வைத்த மண் குதிரைகள் வருடக்கணக்கில் மழையில் நின்று கால் உடைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைவிட நல்ல ஊகம் தோன்றாது. நான் படத்துக்காக வாங்கவில்லை, பர்மா தேக்குச் சட்டத்துக்காக வாங்கினேன். படம் யார் என்று தெரிந்துகொள்ள எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் எலிஜியுஸ். பிரெஞ்சுக்காரர்கள் எலுவா என்பார்கள், இத்தாலிக்காரர்கள் எலிஜியோ, சில ஊர்களில் அலோ. 588-ஐ ஒட்டி இன்றைய பிரான்ஸின் லிமோஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஷாப்த்லா என்ற ஊரில் பிறந்தார். லிமோஜில் நாணயச் சாலை நடத்திய அப்போ என்ற பொற்கொல்லரிடம் தொழில் பழகினார். பிறகு அரசர் இரண்டாம் குளோத்தாரின் பொக்கிஷக்காரர் மூலம் அரண்மனைக்குள் போனார், அடுத்த அரசர் தாகோபெர்ட்டுக்கு நெருங்கிய ஆலோசகரானார், எலிஜியுஸின் பெயர் பொறித்த தங்கக் காசுகள் இன்றும் இருக்கின்றன. தாகோபெர்ட் 639-இல் இறந்த பிறகுதான் குருவானார், 642 வாக்கில் நுவாயோன் ஆயர். 660-இல் இறந்தார், திருநாள் டிசம்பர் 1. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஐம்பது வயது வரை பட்டறை ஆள், அதற்குப் பிறகுதான் ஆயர். ஓவியர்கள் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் திணித்து விடுவார்கள், தலையில் ஆயர் தொப்பி, முன்னால் பட்டடை என்று. வரலாற்றுக்கு அது ஒத்து வராது, ஆனால் அடையாளம் காண நமக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆயர் உடையில் இருப்பவர் கையில் தொழில் கருவி இருக்கிறதா, முதல் சந்தேகம் எலிஜியுஸ் மேல் போகட்டும்.

அவர் புகழ் ஏறிய கதையைச் செட்டிநாட்டு ஆள் யாருக்குச் சொன்னாலும் உடனே பிடித்துக்கொள்வார்கள். அரசர் ரத்தினம் இழைத்த தங்க ஆசனம் ஒன்று செய்யச் சொல்லித் தங்கத்தை எடை போட்டுக் கொடுக்கிறார். எலிஜியுஸ் ஒன்றைச் செய்து கொண்டுவந்து வைக்கிறார், அரசர் மெச்சுகிறார், அப்புறம் எலிஜியுஸ் துணியை விலக்கி அதே தங்கத்தில் செய்த இன்னொரு ஆசனத்தையும் காட்டுகிறார். அவர் வரலாற்றை எழுதியவர் அவருடைய நண்பரும் ரூவான் ஆயருமான தாதோ. அரம் தின்றுவிட்டது, உலை தின்றுவிட்டது என்று சாக்குச் சொல்லாமல் வேலை பார்த்தார் என்ற பொருளில் ஒரு வரியை அதில் வைத்திருக்கிறார். இதை எனக்குத் தெரிந்த, பொன் வேலை செய்யும் பத்தரிடம் சொன்னேன். எங்கள் வீட்டுக் கழுத்திருவை (செட்டிநாட்டுக் கல்யாணத் தாலி) செப்பனிட்ட குடும்பம் அவருடையது, அவர் தாத்தா காலத்தில் வீட்டு முகப்பிலேயே பட்டறை போட்டு, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் வேலை நடக்குமாம். கேட்டுவிட்டுச் சிரித்தார். "சேதாரமே இல்லாமயா? தாய்ப் பொன்னிலும் மாப்பொன் திருடுவான்னு எங்களப் பத்திப் பழமொழி சொல்லி வைச்சிருக்கீங்களே, அந்த ஊர்லயும் அதே சந்தேகம்தான் இருந்திருக்கு பாருங்க தம்பி, இல்லேன்னா இதை ஒரு அதிசயம் மாதிரி எழுதி வைப்பாங்களா?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சரி, படத்துக்கு வருவோம். முகத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். தாடி இருக்கும், இல்லாமலும் இருக்கும், ஓவியர் தன் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்து வரைந்திருப்பார். கையைப் பாருங்கள், கைக்குப் பிறகு மேசையைப் பாருங்கள், மேசைக்குப் பிறகு தரையைப் பாருங்கள்.

கையில் சுத்தியல் மட்டும் இருந்தால் பாதி நிச்சயம். குதிரைக்கால் இருந்தால் முழு நிச்சயம். அந்தக் கதை தாதோ எழுதியதில் கிடையாது, பின்னால் வந்து சேர்ந்தது, ஆனால் ஓவியர்கள் எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முரட்டுக் குதிரை, பேய் பிடித்தது என்று ஊர் சொல்கிறது, லாடம் கட்ட ஒருவரையும் அண்டவிடவில்லை. எலிஜியுஸ் காலைத் தனியாக எடுத்தார், பட்டடையில் வைத்து நிதானமாக லாடம் அடித்தார், திரும்ப வைத்துச் சிலுவை அடையாளம் போட்டார், குதிரை நடந்து போனது. நம் பக்கம் வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் தலையை அமுக்கிப் பிடித்து, அப்படியும் ஓர் உதை வாங்காமல் வேலை முடியாது. லாடக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே கற்பனை செய்த கதை இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபிளாரன்ஸில் ஓர்சான்மிக்கேலே என்று ஒரு கட்டடம், வெளிச்சுவர் மாடங்களில் ஒவ்வொரு தொழில் சங்கமும் தன் பாதுகாவலருக்குச் சிலை வைத்தது. அதில் நான்னி தி பாங்கோ 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த எலிஜியுஸ், முழு ஆயர் கோலத்தில், சலனமே இல்லாமல் நிற்கிறார், மேலே பார்த்தால் எந்த ஆயர் என்றே சொல்ல முடியாது. குனிந்து சிலைக்குக் கீழே உள்ள புடைப்புச் சிற்பத்தைப் பார்த்தால்தான் மூன்று காலில் நிற்கும் குதிரையும், பட்டடையில் தனிக்காலும் தெரியும். அதே ஊர் உஃபிஸி கூடத்தில் போத்திசெல்லி 1490 வாக்கில் வரைந்த பலிபீட ஓவியத்திலும் இதே தந்திரம்தான், பெரிய படத்தில் நாலு புனிதர்களில் ஒருவராக அவர் ஓரமாக நிற்பார், கதையெல்லாம் அடிச்சட்டத்தில் உள்ள சின்னப் படத்தில் நடக்கும். அதனால் ஐரோப்பியப் பலிபீட ஓவியம் எதைப் பார்த்தாலும் அடிப்பட்டியை விட்டுவிடாதீர்கள். இணையத்தில் படம் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் காட்டுவார்கள், அது ஒரு தொல்லை.

அதே சின்னப் படங்களில் ஓரமாக ஒரு பெண் நிற்பாள், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கொம்பு தெரியும். பெண் வேடத்தில் வந்த பிசாசு. எலிஜியுஸ் பழுக்கக் காய்ச்சிய கொறடால் அவள் மூக்கைப் பிடித்தார் என்பது இன்னொரு கதை. இங்கேதான் வழுக்கும். இங்கிலாந்தில் டன்ஸ்டன் என்று ஒருவர், கான்டர்பரி பேராயர், 988-இல் இறந்தவர், அவரும் பொன் வேலை தெரிந்தவர், அவரும் பிசாசின் மூக்கைக் கொறடால் பிடித்தவர், போதாக்குறைக்கு அவருக்கும் ஒரு லாடக் கதை உண்டு. ஆக, மூக்கும் கொறடும் மட்டும் இருந்தால் முடிவு கட்டாதீர்கள், லாடம் மட்டும் இருந்தாலும் கட்டாதீர்கள். தனியாகக் கழன்ற கால் இருக்கிறதா என்று தேடுங்கள், அது டன்ஸ்டனிடம் கிடையாது.

பட்டறைக் காட்சி வேறு வகை. இதில் அவர் ஆயர் இல்லை, தொழிலாளி. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதைப் பார்க்க நமக்குக் கலை வரலாறு வேண்டாம், ஒரு பத்தர் போதும். என் பத்தரிடம் கைபேசியில் சில படங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். துருத்தி, மூசை, கம்பியச்சு, சாமணம், அரம், சின்னப் படிக்கற்களோடு தராசு என்று ஒன்றுவிடாமல் தமிழில் சொல்லிக்கொண்டே போனார், ஐநூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பியப் பட்டறையில் அவருக்குப் புரியாத கருவி ஒன்றிரண்டுதான் இருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் கலைக்கூடத்தில் நிக்லாஸ் மானுவேல் 1515-இல் வரைந்த பட்டறை எலிஜியுஸ் இருக்கிறார், அதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள், வேலையில் ஆழ்ந்த மனிதரின் படம் அது.

மாட்ரித் பிராடோ அருங்காட்சியகத்தில் 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் படம் ஒன்று நம்மைக் குழப்பும். அதில் பட்டறையில் அவர் முன்னால் இருப்பது ஆசனம் இல்லை, குதிரைச் சேணம், தங்கத்தில்! காரணம் ரொம்ப எளிது, லத்தீனில் ஆசனத்துக்கும் சேணத்துக்கும் 'செல்லா' என்று ஒரே சொல், கதையைக் கேட்டவர் ஒன்றை நினைத்தார், வரைந்தவர் இன்னொன்றை வரைந்தார். ஆக, பொற்கொல்லர் பட்டறையில் சேணத்தைப் பார்த்தால் யாரோ தவறாக வந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அது எலிஜியுஸுக்கு முத்திரை மாதிரி.

ஒளிவட்டத்தை நம்பலாமா? நம்பக்கூடாது என்பதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெத்ருஸ் கிறிஸ்துஸ் 1449-இல் கையெழுத்துப் போட்டு வரைந்த படம்: சிவப்பு உடையில் ஒரு பொற்கொல்லர் மோதிரத்தைத் தராசில் நிறுக்கிறார், பின்னால் கல்யாணத்துக்கு நகை வாங்க வந்த ஓர் இளம் ஜோடி, பலகைமேல் மணப்பெண் இடைக்கச்சை, அலமாரியில் பவளக் கிளை, படிகம், முத்து, தேங்காய்ச் சிரட்டையில் செய்த கிண்ணம். சிரட்டைக் கிண்ணம் என்றதும் சிரிக்க வேண்டாம், நாம் அகப்பை செய்யும் பொருள் அங்கே கடல் தாண்டி வந்த அபூர்வம், விஷத்தை முறிக்கும் என்று வேறு நம்பினார்கள். ரொம்ப காலம் இந்தப் படத்தை எலிஜியுஸ் என்றே சொன்னார்கள், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருந்ததே காரணம். பிறகு பார்த்தால் அந்த வட்டம் பின்னால் யாரோ சேர்த்தது என்று தெரிந்து அகற்றிவிட்டார்கள். இப்போது படத்தின் பெயர் வெறுமனே 'பொற்கொல்லர் கடை' என்கிற அளவில் நிற்கிறது. காரைக்குடியிலும் இது நடக்கும், சின்ன அளவில். நான் ஒரு கடையில் பார்த்த படத்துக்கு ஒளிவட்டம் போன மாதம் அடித்த தங்க பெயிண்ட், விரலில் ஒட்டியது. விலை மட்டும் நூறு வருடத்துக்கு உண்டானது.

யார் காசு கொடுத்தார்கள் என்று யோசித்தால் பாதிச் சிக்கல் தீரும். பொற்கொல்லர் சங்கம் கேட்டு வரைந்ததில் கிண்ணம், மோதிரம், திருப்பண்டம் வரும், போத்திசெல்லி படம் அவர்கள் கேட்டதுதான். லாடக்காரர்களும் கொல்லர்களும் கேட்டதில் குதிரையும் பெரிய சுத்தியலும் வரும், நான்னி சிலை அவர்கள் வைத்தது. ஒரே ஆளை இரண்டு பட்டறையும் பங்கு போட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் ராணுவத்தில் வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுது பார்க்கும் படைப்பிரிவுகூட இவரைத்தான் பாதுகாவலராக வைத்திருக்கிறது.

இப்போது எனக்கு உள்ள ஆதங்கம். அவர் புனிதரானது குதிரைக்காலால் இல்லை. தாதோ எழுதியதைப் பார்த்தால், அடிமைகளை விற்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட இடத்துக்கு ஓடுவாராம், இருபது பேர், ஐம்பது பேர், சில நேரம் கப்பலில் வந்த நூறு பேரைக்கூட மொத்தமாகப் பணம் கொடுத்து மீட்பாராம், அதில் சாக்சன்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் நிறைய. கையில் பணம் தீர்ந்தால் இடுப்புக் கச்சையையும் மேலாடையையும் செருப்பையும் கழற்றிக் கொடுத்திருக்கிறார். மீட்டவர்களுக்கு மூன்று வழி சொல்வார்: ஊருக்குப் போக வேண்டுமா, வழிச்செலவு தருகிறேன், என்னோடு இருக்க வேண்டுமா, இரு, மடத்தில் சேர வேண்டுமா, சேர்த்துவிடுகிறேன். 632-இல் சொலிஞாக்கில் மடமும் கட்டினார். இவ்வளவு பெரிய விஷயத்தை வரைந்தவர்கள் எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. சங்கத்துக்காரர்கள் தங்கள் தொழிலைத்தான் படத்தில் பார்க்க விரும்பினார்கள், சங்கிலி அவிழ்ந்த சாக்சனை யார் காசு கொடுத்து மாட்டுவார்கள்? அதனால் ஓரங்களைத் தேடுங்கள். காலடியில் சங்கிலி, கதவோரம் கை நீட்டும் ஏழை, காசுப்பை, இப்படி ஏதாவது கிடைத்தால் அந்தப் படத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஆனால் சங்கிலி மட்டும் இருந்து தொழில் கருவி இல்லையென்றால் அது கைதிகளின் பாதுகாவலர் லெயோனார்டாக இருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

குழப்பக்கூடிய மற்றவர்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயர் உடையில் மூன்று தங்க உருண்டையோடு நிற்பவர் நிக்கோலாஸ். குதிரைமேல் உட்கார்ந்து மேலாடையை வாளால் வெட்டிப் பிச்சைக்காரருக்குக் கொடுப்பவர் மார்ட்டின். ஏழைகளுக்குக் காசு கொடுக்கும் சாதாரண உடைக்காரர், பக்கத்தில் கத்தரிக்கோலும் துணியும் இருந்தால், கிரெமோனா நகரத்து ஹோமோபோனுஸ், தையல் தொழிலுக்கும் துணி வியாபாரத்துக்கும் பாதுகாவலர், 1197-இல் இறந்து 1199-லேயே புனிதர் பட்டம் வாங்கியவர். செருப்பு தைக்கும் இருவர் என்றால் கிறிஸ்பினும் கிறிஸ்பினியனும். தச்சுக் கருவியோடு லீலி மலர் வைத்திருப்பவரை உங்களுக்கே தெரியும், நம் ஊர்ச் சர்ச்சுகளில் எல்லாம் இருக்கும் சூசையப்பர்.

எலிஜியுஸ் தன் கையால் செய்ததைப் படத்தில் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 1500 வாக்கில் வரைந்த 'புனித ஜைல்ஸின் திருப்பலி' இருக்கிறது. அதில் புனிதர் நம் ஆள் இல்லை. ஆனால் பலிபீடத்துக்கு மேலே நிற்கும் ரத்தினச் சிலுவை, அவர் செய்தது என்று மரபாகச் சொல்லும் சென் தெனி கோயில் சிலுவை. பிரெஞ்சுப் புரட்சியில் அது அழிந்தது, ஒரு சின்னத் துண்டு மட்டும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. படத்தில் ஒரு மூலைப் பொருளுக்காக மட்டும் அதை நான் பல தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.

நம் கடைகளில் வாங்குபவர்களுக்குக் கடைசியாகச் சில நடைமுறை. படத்தின் அடியில் எழுத்து இருந்தால் 'எஸ்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் புள்ளியும் பெயருக்கு முன்னால் வரலாம், புனிதர் என்று அர்த்தம். பெயர் எலுவா, எலிஜியோ, எலோய் என்று எந்த வடிவிலும் இருக்கலாம். பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். பழைய கல்லச்சுப் படத்தில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும், இன்றைய ஆஃப்செட் அச்சில் வலை பின்னின மாதிரி வரிசையாக இருக்கும், இந்த ஒரு சோதனையில் முக்கால்வாசி 'நூறு வருசப் படம்' உதிர்ந்துவிடும். சட்டம் பழசு என்பதால் படமும் பழசு என்று நினைக்காதீர்கள், பின்பலகை ஆணியைப் பாருங்கள், புது ஆணி மினுங்கினால் உள்ளே மாற்றியிருக்கிறார்கள். வியர்த்த கையால் காகிதத்தைத் தொடாதீர்கள். வீட்டில் மாட்டினால் வளவில் (நடுமுற்றப் பகுதியில்) வெயில் விழும் சுவரை விட்டுவிடுங்கள், பட்டாலைக் கூடத்தின் உட்சுவர் நல்லது.

என் படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு போய்ப் பத்தரிடம் கொடுத்தேன், உங்கள் தொழிலின் பாதுகாவலர், பட்டறையில் மாட்டுங்கள் என்று. கண்ணாடியைத் துடைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சுத்தியலைக் காட்டினார். "தலை பெருசு, காம்பு தடி. இதை வச்சுத் தோடு அடிச்சா தோடு இருக்காது தம்பி. இது லாடக்காரங்க வரைய வச்சது." பிறகு ஆணி தேடினார், குபேரன் படத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து மாட்டிவிட்டார்.